தோளில் சுளுக்கா, தசைக் கிழிசலா? வலிக்கும் இடமே சொல்லிவிடும்

தோளில் அடிபட்டவுடன் எண்ணெய் போட்டு நீவுவதும், கையை இழுத்துச் சொடுக்கெடுப்பதும் வேண்டவே வேண்டாம். உள்ளே ரத்தக் கசிவு கூடும். மூட்டு விலகியோ எலும்பு முறிந்தோ இருந்தால் ஓர் இழுப்பில் நரம்பும் சேதமாகும். எது அடிபட்டது என்று முதலில் பாருங்கள்.

எலும்போடு எலும்பைப் பிணைக்கும் லிகமென்ட் இழுபட்டால் அது சுளுக்கு. பைக்கிலிருந்தோ கபடியிலோ விழுந்து தோள்முனை தரையில் மோதும்போது, கழுத்துக்குக் கீழே குறுக்காக ஓடும் காறை எலும்பு தோள்பட்டையோடு சேரும் மூட்டில் இது நேரும். வலி எங்கே என்று கேட்டால் ஒற்றை விரலால் தோளின் உச்சியைத் தொட்டுக் காட்டுவார்கள். அந்தக் கையை மார்புக்குக் குறுக்கே மறுதோளுக்குக் கொண்டுபோனால் அதே இடத்தில் சுரீர் என்று வலிக்கும். சட்டையைக் கழற்றிக் கண்ணாடியில் இரண்டு தோளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். காறை எலும்பின் முனை மேலே துருத்தி நின்றால் லிகமென்ட் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம்.

தசையோ, அதை எலும்போடு கோக்கும் டெண்டனோ கிழிவது வேறு. கேஸ் சிலிண்டரை வெடுக்கெனத் தூக்குவது, நாள் முழுக்கக் கையை உயர்த்திக் கூரைக்குப் பெயின்ட் அடிப்பது, ஓய்வில்லாமல் பந்து வீசுவது ஆகியவை காரணம். வலி மேல்கையின் வெளிப்புறம் பரவியிருக்கும். உள்ளங்கையால் தடவித்தான் காட்டுவார்கள். கையைப் பக்கவாட்டில் உயர்த்தினால் ஏறத்தாழ 60 முதல் 120 டிகிரி வரை வலித்து, அதற்குமேல் குறையும். அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. 40 வயதுக்குமேல் டெண்டன் தேயத் தொடங்குவதால் சின்ன இழுப்பே போதும். பிறர் தூக்கிவிட்டால் உயரும் கை, தானாக உயராவிட்டால் பெரிய கிழிசலாக இருக்கலாம். எலும்பு மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள், தாமதித்தால் அறுவை சிகிச்சையில் கிழிசலைத் தைப்பதும் கடினமாகும்.

லேசான அடிக்கு முதல் 48 மணி நேரம் ஐஸைத் துணியில் சுற்றி, 2-3 மணிக்கொருமுறை 15 நிமிடம் வையுங்கள். வெந்நீர் ஒத்தடம் அப்போது கூடாது. கழுத்திலிருந்து தொங்கும் தூளிக்கட்டு இரண்டு மூன்று நாள் போதும். வாரக்கணக்கில் மருத்துவர் சொல்லாமல் கட்டிவைத்தால் தோள் இறுகிவிடும், சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த ஆபத்து கூடுதல். வலி தணிந்ததும் குனிந்து நின்று, கையைத் தளரத் தொங்கவிட்டுச் சிறு வட்டமாக ஆட்டுங்கள்.

தோளின் வடிவம் மாறினாலோ, விரல்கள் மரத்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அடியே படாமல் தோள் வலித்து, கூடவே நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் மூச்சுத்திணறலும் இருந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள்.