மோவாய் முடிக்கு லேசர்: விலை கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய எண்

செம்பூர் ஸ்டேஷன் பக்கத்துப் பார்லரில் பன்னிரண்டு வருடம் மோவாய்க்கு த்ரெடிங் செய்துகொண்டவள் நான். முதலில் மாதம் ஒரு தடவை, அப்புறம் பத்து நாளுக்கு ஒரு தடவை, கடைசியில் நாலு நாளுக்கு ஒரு தடவை. பிறகு லேசருக்குப் போனேன். முதல் இடத்தில் தோல் வெந்தது. இரண்டாவது இடத்தில் நன்றாக நடந்தது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பது எனக்குப் புரிய ஒரு வருடம் ஆயிற்று. நீங்கள் அந்த ஒரு வருடத்தை வீணாக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். மும்பையில் இருந்து எழுதுகிறேன், ஆனால் மாநிறமும் கறுப்புமாக இருக்கிற நம் தோலுக்கு எந்த ஊரிலும் இதே கதைதான்.

முதல் படி: ரத்தப் பரிசோதனை

மோவாய், மேலுதடு, வயிறு, மார்பு என்று கறுத்த முடி திடீரென்று கூடினால் முதலில் ஹார்மோன் பரிசோதனை. தைராய்டு, டெஸ்டோஸ்டிரோன், ப்ரோலாக்டின், தேவைப்பட்டால் ஒரு ஸ்கேன். எனக்குப் பிசிஓஎஸ், அதாவது சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு, இருப்பது அப்போதுதான் தெரிந்தது. உள்ளே இருக்கிற காரணத்தைக் கவனிக்காமல் வெளியே மட்டும் லேசர் அடித்தால், செத்த முடிக்குப் பக்கத்திலேயே புதியது கிளம்பும். கையில் காசு குறைவு என்றால் சயான் ஆஸ்பத்திரி, கேஇஎம் மாதிரி மாநகராட்சி ஆஸ்பத்திரிகளின் தோல் பிரிவில் காலையிலேயே போய் சீட்டு போடுங்கள். வரிசை நீளம், ஆனால் பார்ப்பவர்கள் தோல் டாக்டர்கள்.

இரண்டாம் படி: அந்த எண்

‘லேசர்’ என்பது ஒரே மெஷின் இல்லை. ஒளி முடியில் இருக்கும் மெலனின் என்ற கறுப்பு நிறமியைத் தேடிப் போய் அதைச் சூடாக்குகிறது, அந்தச் சூட்டில் முடியின் வேர் கருகுகிறது. ஒரு நிறத்தை மட்டும் குறிவைத்துச் சுடலாம் என்ற இந்தக் கொள்கையை ஆண்டர்சன், பேரிஷ் என்ற இருவர் 1983-ல் எழுதினார்கள். நமக்குச் சிக்கல் என்னவென்றால், அதே மெலனின் நம் தோலிலும் நிறைய இருக்கிறது. முடிக்குப் போக வேண்டிய சூட்டைத் தோல் வாங்கிக்கொண்டால் வெந்துபோகும். எவ்வளவு வாங்கிக்கொள்ளும் என்பதைத் தீர்மானிப்பதில் பெரிய பங்கு ஒளியின் அலைநீளத்துக்கு. நானோமீட்டரில் சொல்வார்கள்.

755 என்றால் அலெக்ஸாண்ட்ரைட். மெலனின் இதை ஆவலாக வாங்கும். வெள்ளைத் தோல், கறுப்பு முடி என்றால் அருமையான லேசர். நம் நிறத்துக்கு ஆபத்து அதிகம்.

808 அல்லது 810 என்றால் டயோடு. நடுத்தரம். நம் ஊர் கிளினிக்குகளில் நிறையப் பார்ப்பது இதைத்தான். லைட்ஷியர் என்ற மெஷின் இந்த வகை. மாநிறத்துக்கு, நன்றாகக் குளிர்விக்கும் முனை இருந்து, கை தேர்ந்தவர் அடித்தால் நன்றாக வேலை செய்யும்.

1064 என்றால் என்டி-யாக். மெலனின் இதைக் குறைவாகவே வாங்கும், அதனால் மேல்தோலை அதிகம் தொந்தரவு செய்யாமல் ஆழமாக இறங்கும். கறுத்த தோலுக்கு இதுதான் பத்திரமானது. வலி கொஞ்சம் அதிகம், மெல்லிய பூனைமுடிக்கு இது பெரிதாக உதவாது.

சில மெஷின்களில் ஒன்றுக்கு மேற்பட்ட அலைநீளம் இருக்கும். ஜென்டில்மேக்ஸ் ப்ரோவில் 755, 1064 இரண்டும் உண்டு. சொப்ரானோ டைட்டானியத்தில் மூன்றும் சேர்ந்து வரும். ஆகவே மெஷின் பெயர் மட்டும் போதாது. ‘எனக்கு எதை வைத்து அடிக்கப் போகிறீர்கள்’ என்று கேளுங்கள்.

இதில் எதுவுமே இல்லாத இன்னொன்று ஐபிஎல். இது லேசரே இல்லை. பலமான ஒரு விளக்கு, முன்னால் ஒரு வடிகட்டி. ஒரே அலைநீளமாக இல்லாமல் ஒரு பெரிய கூட்டமாக ஒளி வரும். நான் முதலில் போன இடத்தில் ‘லேசர்’ என்று பில் போட்டு எனக்கு அடித்தது இதைத்தான். மூன்றாவது சிட்டிங் முடிந்த மறுநாள் காலை, தாடை ஓரத்தில் ஆறு பழுப்புக் கட்டங்கள். பிஸ்கட்டை வரிசையாக அடுக்கி வைத்த மாதிரி, நீளவாக்கில், ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளி. இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் என் முகத்தை விளக்குக்குத் திருப்பி ஒரு கேள்விதான் கேட்டார்: “அடிக்கும்போது மூடின கண்ணுக்குள்ளேயும் வெள்ளையா பளிச்சுன்னு தெரிஞ்சுதா?” ஆமாம், கேமரா ஃபிளாஷ் மாதிரி தெரிந்தது. டயோடும் யாக்கும் அகச்சிவப்பு ஒளி, அப்படி வெள்ளையாகத் தெரியாது என்றார். அந்தக் கட்டங்கள் மங்க ஒன்பது மாதம் ஆயிற்று. அந்த ஒன்பது மாதமும் லோக்கல் டிரெயினில் ஜன்னல் ஓரம் கிடைத்தாலும் நான் உட்காரவில்லை.

அதனால் போன் செய்யும்போதே கேட்டுவிடுங்கள். இந்தி தடுமாறுகிறவர்கள் இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: “மஷீன் கௌன் ஸா ஹை? வேவ்லெங்த் கித்னா ஹை?” (என்ன மெஷின், அலைநீளம் எவ்வளவு?) எண் சொல்லாமல் “மேடம், பெஸ்ட் மஷீன் ஹை, ஆஃபர் சல் ரஹா ஹை” (சிறந்த மெஷின், இப்போது ஆஃபர் ஓடுகிறது) என்று பதில் வந்தால் நான் வைத்துவிடுவேன். அடுத்த கேள்வி, அடிப்பது யார், டாக்டர் கூடவே இருப்பாரா என்பது.

என் தேர்வு: முகத்துக்கு 1064, அக்குளுக்கும் காலுக்கும் 808. மாநிறத்தைவிட இரண்டு படி கறுப்பு நான்.

மூன்றாம் படி: பேட்ச் டெஸ்ட்

தாடைக்குக் கீழே, வெளியே தெரியாத இடத்தில் இரண்டு மூன்று அடி அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வாரமாவது காத்திருங்கள். நம் தோலில் கறுப்பு உடனே தெரியாது, சில நாள் கழித்துத்தான் மேலே வரும். அன்றே பேக்கேஜ் கட்டச் சொல்லி அவசரப்படுத்துகிற இடம் வேண்டாம்.

நான்காம் படி: த்ரெடிங்கை நிறுத்துவது

இதில்தான் நான் மாட்டிக்கொண்டேன், என்னிடம் கேட்ட முக்கால்வாசிப் பேரும் இங்கேதான் மாட்டுகிறார்கள். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

லேசர் வேலை செய்ய முடி வேரோடு உள்ளே இருக்க வேண்டும். கறுப்பு இருப்பது அங்கேதான். த்ரெடிங், வாக்சிங், ப்ளக்கர், எபிலேட்டர் எல்லாமே வேரோடு பிடுங்குபவை. பிடுங்கிய குழியில் லேசர் அடித்தால் சூடேற்ற உள்ளே ஒன்றுமே இல்லை. முதல் இடத்தில் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் சிட்டிங்குக்கு இரண்டு நாள் முன்னால் த்ரெடிங் செய்து முகத்தைப் பளிச்சென்று வைத்துக்கொண்டு போவேன். மரியாதையாகப் போக வேண்டும் என்ற எண்ணம். மூன்று சிட்டிங் காசும் அப்படியே போயிற்று.

முதல் சிட்டிங்குக்கு நாலு வாரம் முன்னாலிருந்து, கடைசி சிட்டிங் வரை, பிடுங்கவே கூடாது. நடுவில் முடி வளர்ந்தால் சவரம். ஆமாம், ரேசர். சிட்டிங்குக்கு முந்தின நாளும் சவரம்தான், அப்போதுதான் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் முடி எரிந்து தோலைச் சுடாது.

கேட்க எளிது. முகத்தில் ரேசர் வைக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. குளியலறைக் கண்ணாடி முன்னால் ரேசரோடு நிற்கிறேன், பின்னால் அம்மா. “பொம்பளப் புள்ள மூஞ்சில பிளேடு வைக்கிறதா? நாளைக்குத் தாடியா வளரும்டி.” அம்மா குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. எனக்கும் அதே பயம். டாக்டர் சொன்னதைச் சொல்லிப் பார்த்தேன்: முடி இயல்பாக நுனியில் கூர்ந்து இருக்கும், சவரம் செய்தால் நடுவில் தட்டையாக வெட்டுப்படும், வளரும்போது அந்தத் தட்டை முனை விரலில் சொரசொரப்பாகப் படுகிறது, அவ்வளவுதான். வேருக்கு மேலே வெட்டினது தெரியாது. மில்ட்ரெட் ட்ராட்டர் என்ற உடற்கூறு ஆய்வாளர் 1928-லேயே சவரத்தால் முடி தடிக்காது என்று அளந்து காட்டிவிட்டார். அம்மா நம்பவில்லை. சரி என்று நான் இடது பக்கம் மட்டும் ஒரு மாதம் சவரம் செய்து, வலது பக்கத்தைச் சும்மா விட்டேன். வீட்டுக்குள்ளேதான் இருந்தேன், விடுமுறை. மாத முடிவில் இரண்டு பக்கமும் ஒன்றாகச் சவரம் செய்து, மூன்று நாள் கழித்து அம்மாவையே தடவிப் பார்க்கச் சொன்னேன். எந்தப் பக்கம் எது என்று அம்மாவால் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சு வரவில்லை.

முகத்துக்கென்று விற்கிற ஒற்றை பிளேடு, நீளக் கைப்பிடி ரேசர் போதும். தடவும் ஜெல் போட்டு, முடி வளரும் திசையிலேயே இழுங்கள். பேட்டரி ட்ரிம்மரும் நல்லது. முடி நீக்கும் க்ரீம் முகத்துக்கு வேண்டாம், எரிச்சலும் லேசரும் சேர்ந்தால் கறுத்துவிடும்.

ஐந்தாம் படி: அன்றைக்கு

முகத்தில் எதுவும் இருக்கக் கூடாது. பவுடர், க்ரீம், மஞ்சள் எதுவும். மஞ்சள் பூசிக் குளிக்கும் வழக்கம் இருந்தால் சில நாள் முன்னாலேயே நிறுத்துங்கள். கண்ணுக்கு அவர்கள் கொடுக்கும் மூடியைப் போடாமல் ஒரு அடிகூட வாங்காதீர்கள். மச்சத்தின் மேலும், பச்சை குத்திய இடத்திலும் அடிக்கவே கூடாது.

வலி எப்படி? தாளிக்கும்போது கடுகு தெறித்துக் கையில் படுமே, அது. ஒன்றன் பின் ஒன்றாக. முடி கருகும் வாசனை வரும், பயப்பட வேண்டாம். மரத்துப்போகும் க்ரீம் வேண்டுமானால் டாக்டர் சொல்லும் அளவு, சின்ன இடத்தில் மட்டும். கால் முழுக்கத் தடவி பிளாஸ்டிக் சுற்றுவது உயிருக்கே ஆபத்து. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007-லேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது.

முடிந்ததும் மெஷின் திரையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை ஜூல், எத்தனை மில்லி செகண்ட், முனை எத்தனை மில்லிமீட்டர். கிளினிக்கில் ஆள் மாறினாலும் உங்கள் கணக்கு உங்களிடம் இருக்கும். எனக்கு ஐந்தாவது சிட்டிங்கில் புதிய பெண் வந்தபோது இது உதவியது.

ஆறாம் படி: அதற்குப் பிறகு

முடிக்கால்களைச் சுற்றிச் சின்னச் சின்னப் புடைப்புகள் வரும். சில மணி நேரத்தில், அதிகம் போனால் ஓரிரு நாளில் அடங்கும், அது வர வேண்டியதுதான். கொப்புளம் வந்தால் அன்றே டாக்டருக்குப் போன். ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் மிளகைத் தூவின மாதிரி கறுப்புப் புள்ளிகள் மேலே வந்து, முகம் துடைக்கும் துண்டில் உதிரும். முதல் தடவை அதை ‘முடி வளர்கிறது’ என்று நினைத்து அழுதேன். வளர்வது இல்லை, செத்தது வெளியே வருகிறது. பிடுங்காமல் விடுங்கள்.

முகத்துக்கு நாலிலிருந்து ஆறு வாரம், உடம்புக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் இடைவெளி. எந்த நேரத்திலும் ஒரு பகுதி முடி மட்டுமே வளரும் பருவத்தில் இருக்கும், லேசர் அதை மட்டும்தான் பிடிக்கும், அதனால்தான் இத்தனை சிட்டிங். எனக்கு அக்குள் ஆறில் முடிந்தது. மோவாய்க்குப் பத்து ஆயிற்று, இப்போதும் நாலு மாதத்துக்கு ஒன்று போகிறேன். ‘நிரந்தரமாக நீங்கும்’ என்று போர்டு வைத்திருப்பார்கள். அமெரிக்காவில் இந்த மெஷின்களுக்குக் கொடுக்கும் அனுமதியே ‘நிரந்தரமாகக் குறைப்பதற்கு’ என்றுதான்.

வெயில் முக்கியம். மே மாதம் திருநெல்வேலிக்குப் போய்க் கோயில் கொடை முடித்துக் கறுத்து வந்தேன். டாக்டர் பார்த்ததும் சிட்டிங்கை ஒரு மாதம் தள்ளிவைத்தார். உங்கள் ஊர்ப் பயணத்தைப் பார்த்துத் தேதி போடுங்கள்.

வீட்டு மெஷின்கள்

ஃபிலிப்ஸ் லுமியாவும் ப்ரான் சில்க்-எக்ஸ்பர்ட்டும் ஐபிஎல். இரண்டிலும் தோல் நிறத்தைப் பார்க்கும் சென்சார் உண்டு. தோழியின் லுமியாவை வாங்கிப் பார்த்தேன். முன்கையின் உள்பக்கம் அடித்தது, மோவாயில் வைத்தால் விளக்கே எரியவில்லை. மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்தோம். கெடவில்லை, என் தோல் அதன் எல்லைக்கு வெளியே, அது என்னைக் காப்பாற்றியது. ட்ரியா என்பது 810 டயோடு, உண்மையான லேசர், ஆனால் அதுவும் கறுத்த தோலுக்கு இல்லை. மாநிறத்துக்கு மேலே வெளுப்பாக இருந்து, கால் கை முடிக்கு மட்டும், விடாமல் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அடிக்கப் பொறுமை இருந்தால் வாங்கலாம். பெயர் தெரியாத, சென்சார் இல்லாத மலிவு மெஷின்களை நம் தோலில் வைக்கவே வேண்டாம். டப்பாவில் இருக்கும் நிற அட்டவணையை வெயிலில், கையில் வைத்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

பின்சேர்க்கை 1: கல்யாணத்துக்கு மருதாணி வைத்த கையில் அடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடாது. மருதாணியின் கறையே ஒளியை வாங்கித் தோலைச் சுடும். சாயம் முழுக்கப் போகட்டும்.

பின்சேர்க்கை 2: லேசருக்குப் பிறகு கழுத்தோரப் பூனைமுடி தடித்து வந்ததாக இரண்டு பேர் எழுதினார்கள். இது உண்மையில் நடக்கும், நம் நிறத்திலும் ஹார்மோன் கோளாறு இருப்பவர்களுக்கும் முகத்தில் அதிகம் பார்க்கிறார்கள். அதே அளவில் மேலும் மேலும் அடித்துக்கொண்டே போகாமல் டாக்டரிடம் காட்டுங்கள். மெல்லிய கன்ன முடிக்கு லேசரே வேண்டாம் என்று என் டாக்டர் மறுத்தது இதற்குத்தான்.

பின்சேர்க்கை 3: நரைத்த முடிக்கு லேசர் பிடிக்காது, கறுப்பே இல்லையே. அதற்கு எலக்ட்ரோலிசிஸ், ஒவ்வொரு முடிக்காலிலும் மெல்லிய ஊசியை இறக்கி மின்சாரத்தால் கருக்குவது. 1875-லிருந்து இருக்கிற முறை, மெதுவானது, ஆனால் எந்த நிற முடிக்கும் ஆகும். அம்மாவுக்கு மோவாயில் ஐந்தாறு வெள்ளை முடி. ஊசி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். லேசர் திட்டம் இல்லாதவர்களுக்கு த்ரெடிங்கில் ஒரு தப்பும் இல்லை, அதே பார்லருக்கு இப்போது அம்மா போய் வருகிறார்.