மளிகை அலமாரியும் துணி பீரோவும்: சேர்த்து வைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் செவ்வாய்ப்பேட்டை லீ பஜாருக்கு மாதச் சாமான் வாங்கப் போகும்போது கையில் சிட்டை இருக்கும். துவரம்பருப்பு 3 கிலோ, உளுந்து 2 கிலோ, கடுகு கால் கிலோ. வீட்டில் எத்தனை வாய், வாரத்தில் எத்தனை நாள் சாம்பார், எத்தனை தடவை இட்லிக்கு ஊறப்போடுவோம் எல்லாம் மனசுக்குள் ஓடும். "பருப்பு ஏறப் போகுதுங்க, மூட்டையா எடுத்துக்குங்க" என்று கடைக்காரர் சொன்னாலும் எடுக்க மாட்டேன். மூன்றாம் மாதம் வண்டு விழும் என்று தெரியும். அதே நாள் திரும்பும் வழியில் கட்பீஸ் கடைக்குள் நுழைந்தால் சிட்டையும் கிடையாது, கணக்கும் கிடையாது. நீல நிறத்தில் மாங்காய் டிசைன் ஒன்று கண்ணில் படும், 2 மீட்டர் கிழிக்கச் சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

ஒட்டுத்துணிப் போர்வை, அதாவது க்வில்ட் தைக்கிறவர்கள் எல்லோரும் இப்படித்தான். சேர்த்து வைத்திருக்கும் துணிக்கு அமெரிக்காவில் 'ஸ்டாஷ்' என்று தனிப் பெயரே உண்டு. நம் ஊரில் பெயர் இல்லை, பீரோ மட்டும் நிறைந்திருக்கிறது. மளிகையில் நமக்குக் கைவந்த பழக்கங்கள் பல துணிக்கும் பொருந்தும். அவற்றை அங்கே மறந்துவிடுகிறோம். சில பழக்கங்கள் துணிக்கு ஆகவே ஆகாது. அவற்றை அப்படியே பீரோவுக்குள் கொண்டுபோகிறோம். பத்து வருஷமாகத் தைத்ததில் நான் பார்த்த தவறுகள் எல்லாம் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கின்றன.

முதலில் அளவு. மளிகைக்கு வாயைப் பார்த்துக் கணக்குப் போடுகிறோம். துணிக்குக் கையைப் பார்த்துப் போட வேண்டும். வருஷத்துக்கு உங்கள் கை எத்தனை போர்வையை முடிக்கிறது? ஒற்றைக் கட்டிலுக்கான போர்வை 60க்கு 90 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தைத்த பிறகு 5 அங்குலம் வரும்படி சதுரங்கள் வெட்டினால், வரிசைக்கு 12, மொத்தம் 18 வரிசை, ஆக 216 சதுரம். கால் அங்குலத் தையல் இரண்டு பக்கமும் போகும் என்பதால் ஒவ்வொன்றையும் ஐந்தரை அங்குலமாக வெட்ட வேண்டும். 44 அங்குல அகலத் துணியில் சேதாரத்தோடு நாலரை மீட்டர் ஆகும். ஓரப்பட்டிக்கு அரை மீட்டர். ஆக 5 மீட்டர். அடித்துணிக்குப் பழைய ஐந்தரை மீட்டர் காட்டன் புடவை ஒன்று போதும். நடுவில் இரண்டாக வெட்டி நீளவாட்டில் சேர்த்துத் தைத்தால் தாராளமாக வரும்.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பீரோவில் இருந்த துணியையெல்லாம் தரையில் பரப்பி டேப் வைத்து அளந்தேன். 94 மீட்டர். நான் வருஷத்துக்கு மூன்று போர்வைதான் முடிப்பேன். ஆறு வருஷத்துத் துணி அது. கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் மாமியார், "ஏம்மா, இத்தனை துணிக்கு நம்ம வீட்டுல கட்டில் எங்க இருக்குது?" என்று கேட்டார். ஆறு வருஷத்துத் துவரம்பருப்பை ஒரே நாளில் வாங்கி வைக்க அவரும் சம்மதிக்க மாட்டார், நானும் வைக்க மாட்டேன்.

அதற்காகத் துணியை மாதக் கணக்கில் வாங்க முடியுமா என்றால், முடியாது. துவரம்பருப்பு எந்தக் கடையிலும் துவரம்பருப்புதான். இன்று பார்த்த அச்சு டிசைன் அடுத்த மாதம் அந்தக் கடையில் இருக்காது. ஒரு போர்வைக்கு இருபது விதமான துணி வேண்டும், இருபதும் ஒன்றோடொன்று இசைய வேண்டும். அப்படித் தேர்ந்தெடுக்கக் கொஞ்சம் கையிருப்பு வேண்டும்தான். தவறு எதில் என்றால், ஒவ்வொன்றிலும் 2 மீட்டர் வாங்குவதில். வெளிநாட்டு க்வில்ட் கடைகளில் 'ஃபேட் குவார்ட்டர்' என்று ஒன்று விற்பார்கள். அரை கஜத் துணியை அகலத்தில் பாதியாக வெட்டிய துண்டு, 18க்கு 22 அங்குலம். கால் கஜத்தை வழக்கம்போல் வெட்டினால் 9 அங்குல ரிப்பன்தான் கிடைக்கும். பரப்பு ஒன்றேயானாலும் இந்த அகலத் துண்டில் பெரிய சதுரம் எடுக்கலாம். நம் கடையில் அரை மீட்டர் வாங்கி, வீட்டில் அகலத்தில் இரண்டாக வெட்டி, இன்னொரு பாதியை உடன் தைக்கிற தோழிக்குக் கொடுத்து அவரிடமிருந்து வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் உளுந்து கைமாற்று வாங்குகிற மாதிரிதான்.

அடுத்த தவறு பலருக்குத் தவறாகவே தெரியாது. உங்கள் மளிகை அலமாரியில் எது அதிகம்? அரிசி. எது குறைவு? ஊறுகாய். இப்போது துணி பீரோவைத் திறந்து பாருங்கள். பூப்போட்டது, மாங்காய் போட்டது, கட்டம், பட்டை என்று எல்லாம் ஊறுகாயாக இருக்கும், சோறு இருக்காது. அச்சு எதுவும் இல்லாத வெள்ளை, சந்தனம், சாம்பல், கருநீலம், இவைதான் சோறு. இருபது அச்சுத் துணியைப் பக்கம் பக்கமாக வைத்துத் தைத்தால் கண்ணுக்கு எங்கே நிற்பது என்று தெரியாது. இடையிடையே ஒற்றை நிறம் வந்தால்தான் பூ பூவாகத் தெரியும். கடையில் ஒற்றை நிறத் துணி நம்மைக் கூப்பிடுவதில்லை, அதுதான் சிக்கல். என் கணக்கில் கையிருப்பில் பாதி ஒற்றை நிறமாக இருக்க வேண்டும். அரிசியைப் போல அதை மட்டும் 5 மீட்டர், 6 மீட்டர் என்று மொத்தமாக வாங்கலாம். மிஞ்சினாலும் அடுத்த போர்வைக்கு ஆகும்.

சரி, வாங்கிவிட்டோம். வைக்கும் இடத்துக்கு வருவோம். இங்கேதான் நிறையத் துணி வீணாகிறது.

ரவை டப்பாவில் பூச்சி வருவதற்கும் மடித்து வைத்த புதுத் துணியில் ஓட்டை விழுவதற்கும் காரணம் ஒன்றே: மாவு. தறியில் நீளவாட்டில் ஓடுகிற பாவு நூல் அறுந்துபோகாமல் இருக்கக் கஞ்சி போடுவார்கள். சேலத்தில் அம்மாப்பேட்டை, குகை பகுதிகளில் தறி உள்ள வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கஞ்சி வாடை மறக்காது. நம் மாவட்டத்தில் விளையும் குச்சிக்கிழங்கிலிருந்து, அதாவது மரவள்ளியிலிருந்து, எடுக்கிற ஸ்டார்ச் இருக்கிறதே, அதுதான் ஜவ்வரிசியாகி நம் பாயசத்துக்கும் வருகிறது, ஆலைகளில் பாவு நூலுக்கும் போகிறது. கடைக்கு வரும் புதுத் துணி மொடமொடவென்று இருப்பது பெரும்பாலும் இந்தக் கஞ்சியால்தான். வெள்ளி நிறத்தில் மினுங்கி ஓடுகிற ராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் அது விருந்து. ஆகவே துவைக்காத துணியை நெடுநாள் மடித்து வைக்காதீர்கள். வாங்கி வந்ததும் ஓரத்தைத் தையல் மெஷினில் ஒரு ஓட்டு ஓட்டி, நீரில் அலசி, நிழலில் காயவைத்து, ஈரமே இல்லாமல் தேய்த்து வையுங்கள். முதல் நனைப்பில் காட்டன் சுருங்குகிற சுருக்கமும் அத்தோடு போய்விடும். துவைத்த துணியையும் துவைக்காத துணியையும் ஒரே போர்வையில் சேர்த்துத் தைத்தால், முதல் சலவையில் ஒன்று சுருங்கும், மற்றது சுருங்காது, தையலெல்லாம் இழுத்துக்கொள்ளும்.

அலசும்போதே சாயத்தையும் பார்த்துவிடலாம். நனைந்த துணியின் மேல் ஒரு வெள்ளைத் துண்டை வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். துண்டில் நிறம் ஒட்டினால் அந்தத் துணி வெள்ளைக்குப் பக்கத்தில் உட்காரக் கூடாது. இங்கே சமையலறையிலிருந்து ஒரு வைத்தியம் வந்து நுழையும்: கல்லுப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பார்கள். நானும் வருஷக்கணக்காக ஊறவைத்தவள்தான். சாயம் ஏற்றும் தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு. சாயத்தை நூலின் பக்கம் தள்ள அது உதவும். ஏற்றி முடித்த துணியில் ஒட்டாமல் நிற்கிற சாயத்தை உப்பு கட்டிப்போடாது. உப்புத் தண்ணீரில் இருக்கும்வரை சாயம் வெளியே வராதது போலத் தெரியும், நல்ல தண்ணீருக்கு மாற்றியதும் திரும்ப வடியும். வினிகரும் காட்டனில் எதையும் செய்வதில்லை. மிச்சச் சாயம் போகும்வரை வெந்நீரில் மறுபடி மறுபடி அலசுவதுதான் வழி. ஐந்தாறு தடவைக்குப் பிறகும் தண்ணீர் சிவந்தால், அந்தத் துணியை நான் போர்வைக்கு எடுப்பதில்லை, பையாகத் தைத்துவிடுவேன்.

காற்றுப் புகாத டப்பா மளிகைக்கு உயிர். துணிக்கு அதுவே கெடுதல். பிளாஸ்டிக் கவரில் இறுக்கி வைத்த துணிக்குள் துளி ஈரம் இருந்தாலும் வெளியேற வழியில்லை. பூஞ்சை பிடிக்கும், மடிப்பில் பழுப்பேறும். சேலம் வெயிலில் இது மெதுவாகத்தான் தெரியும். ஏற்காட்டில் காபித் தோட்டத்தை ஒட்டிக் குடியிருக்கிற ஒரு அக்கா வீட்டில் ஒரே மழைக்காலத்தில் தெரிந்துவிட்டது. சுமார் 1500 மீட்டர் உயரம், ஜன்னலைத் திறந்தால் மூடுபனி உள்ளே வரும். அங்கே அப்பளம் நமத்துப்போகும், உப்பு ஜாடியில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். அதற்குப் பயந்து மளிகையைப் போலவே துணியையும் ஜிப் கவரில் போட்டு வைத்தார். பிரித்தபோது வெள்ளைக் காட்டனில் மிளகு தூவினாற்போலக் கரும்புள்ளி. பலமுறை துவைத்தும் அந்தப் புள்ளி போகவில்லை. இப்போது துவைத்த பழைய வேட்டியில் சுற்றி, சுவரை ஒட்டாமல் மர அலமாரியின் நடுத்தட்டில் வைக்கிறார். பலகை துணியில் படாதபடி அடியிலும் வேட்டிதான். மழை விட்ட நாளில் கதவைத் திறந்து வைக்கிறார்.

காபியைப் பற்றி அவர் சொன்ன ஒன்றை நான் துணிக்கு எடுத்துக்கொண்டேன். பச்சைக் கொட்டையாகச் சாக்கில் மாதக்கணக்கில் இருக்கும். வறுத்து அரைத்துவிட்டால் சில வாரங்களில் மணம் போய்விடும். அதனால் வேண்டியபோது வேண்டிய அளவுதான் வறுப்பார். நம்மில் பலர் ஓய்வாக இருக்கும் நாளில் மீதித் துணியையெல்லாம் இரண்டரை அங்குலச் சதுரமாக வெட்டி டப்பாவில் அடைக்கிறோம். வேலை முடிந்தாற்போல நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வெட்டிய துணி வேறெதற்கும் ஆகாது. அடுத்த போர்வைக்கு 4 அங்குலம் தேவைப்படும்போது அந்த டப்பா உதவாது, எடுத்துவைக்கும் ஒவ்வொரு தடவையும் ஓரத்தில் நூல் பிரிந்து சதுரம் சிறுத்துக்கொண்டே வரும். உள்ளங்கை அகலத்துக்கும் குறைந்த துண்டை வெட்டி வைக்கலாம். மற்றதை முழுசாகவே விடுங்கள்.

பூச்சிக்கு என்ன போடுவது? அரிசியில் காய்ந்த மிளகாயும் வேப்பிலையும் போடுவோம். துணிக்கும் வேப்பிலை ஆகும், ஆனால் நிழலில் சருகாகக் காய்ந்திருக்க வேண்டும். பச்சையாக வைத்தால் ஈரமும் கறையும் மிச்சம். வசம்புத் துண்டைச் சிறு துணிப்பையில் முடிந்து மூலையில் போடலாம். அந்துருண்டையைச் சாமான் அறையில் இருக்கிற பெட்டிக்குள் போடவே கூடாது. இடமில்லாத வீட்டில் மளிகையும் துணியும் ஒரே அறையில் இருக்கும், எனக்கும் முன்பு அப்படித்தான். அந்த வாடை அரிசியில் ஏறும், சோற்றில் தெரியும். அது நஞ்சு. கற்கண்டு என்று நினைத்து வாயில் போடுகிற வயசில் குழந்தை இருக்கும் வீட்டில் அந்துருண்டையே வேண்டாம்.

கிலோக் கணக்கில் வாங்கும் கட்பீஸ் மூட்டையில் பாலியெஸ்டரும் பனியன் துணியும் கலந்தே வரும். பருப்பில் கல் பொறுக்குவது போலப் பொறுக்கியாக வேண்டும். இழுத்தால் நீளுவது பனியன், தனியே போகட்டும். மற்றதில் ஒரு நூலை உருவி இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். காகிதம் எரிகிற வாடையோடு சாம்பலாக உதிர்ந்தால் காட்டன். முடி பொசுங்குகிற வாடை வந்தால் பட்டு. உருகிக் கெட்டியான மணியாக நின்றால் பாலியெஸ்டர். காட்டனுக்கு வைக்கிற சூட்டில் இஸ்திரி போட்டால் அது பொசுங்கிச் சுருண்டுவிடும்.

எனக்கு மனசு வலித்த தவறு ஒன்று உண்டு. அம்மாவின் அரக்கு நிறக் காட்டன் புடவை, ஓரத்தில் மஞ்சள் கட்டம். நல்ல போர்வைக்கு, நல்ல போர்வைக்கு என்று 11 வருஷம் மடித்த மடிப்பிலேயே வைத்திருந்தேன். போன தை மாதம் எடுத்து விரித்தேன். மடிப்பு வரி நெடுக வெளுத்திருந்தது. மெல்ல இழுத்துப் பார்த்தேன், சத்தமே இல்லாமல் பிரிந்துவிட்டது. புளியைப் பழம்புளியாக்கி வைப்போம், பழைய அரிசி பொலபொலவென்று வேகும் என்று தேடி வாங்குவோம். துணிக்கு அப்படிப் பழமையால் வரும் ருசி இல்லை. புது அரிசியைப் பழைய அரிசியின் மேல் கொட்டாமல், பழசை முதலில் எடுக்கிறோம் இல்லையா? பீரோவிலும் மனசுக்குப் பிடித்த துணியை முதலில் எடுங்கள். அம்மாவின் புடவை என்றால் இந்த வருஷமே எடுங்கள். மடிப்பு விழாத பகுதியிலிருந்து எனக்கு 30 சதுரம் கிடைத்தது. பின்பக்கம் மெல்லிய மல் துணி கொடுத்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன்.

எடுக்க முடியாத துணியை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பிரித்து வேறு வரியில் மடித்து வையுங்கள். சித்திரையில் மிளகாயும் ஜவ்வரிசி வடகமும் காயப்போடுகிற நாளில் பீரோவையும் காலி செய்து அடுக்கலாம். மிளகாய்க்கு மொட்டைமாடி வெயில் வேண்டும். துணிக்குப் படிக்கட்டு நிழலில் ஓடுகிற காற்று போதும், நேர்வெயிலில் நிறம் வெளுக்கும். அப்புறம், வடகம் ஊற்றிய வேட்டியை அலசாமல் துணி சுற்றுவதற்கு எடுத்துவிடாதீர்கள். உரித்தெடுத்த பிறகும் அதில் கஞ்சி ஊறியிருக்கும்.