பரிசோதனை அறிக்கையில் இரண்டு வைரஸ்கள் இருந்தால்: படிக்கும் முறையும் கவனிக்கும் முறையும்

வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில் தமிழ்நாட்டில் இன்ஃப்ளுயன்சா கூடுதலாகப் பரவுகிறது. சளி உண்டாக்கும் ரைனோ வைரஸ், அடினோ வைரஸ், கைக்குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கக்கூடிய ஆர்.எஸ்.வி. போன்றவையும் பள்ளிகள் வழியாக வீடுகளுக்கு வந்து சேர்கின்றன. மூக்கிலிருந்து பஞ்சுக்குச்சியால் எடுத்த மாதிரியில் இருபது அளவிலான கிருமிகளை ஒரே நேரத்தில் தேடும் பி.சி.ஆர். பரிசோதனை இப்போது நகரங்களிலுள்ள பெரிய மருத்துவமனைகளில் கிடைப்பதால், ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்களுக்கு எதிரே 'கண்டறியப்பட்டது' என்று அச்சான அறிக்கைகள், குறிப்பாக ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு, அடிக்கடி வருகின்றன. அறிக்கை கைப்பேசிக்கு வந்து சேர்வதற்கும் மருத்துவரைச் சந்திப்பதற்கும் இடைப்பட்ட நேரத்தில் எதைப் பார்க்க வேண்டும், எதற்குப் பதற வேண்டியதில்லை என்பதை விளக்குவதே இந்தக் குறிப்பின் நோக்கம். மருத்துவரின் முடிவுக்கு இது மாற்று ஆகாது.

முதலில் நோயாளி, பிறகு அறிக்கை

நோயின் தீவிரத்தை வைரஸ்களின் எண்ணிக்கை சொல்வதில்லை, மூச்சு சொல்கிறது. ஆகவே அறிக்கையை ஒதுக்கி வைத்துவிட்டு மூச்சை எண்ணுங்கள். குழந்தை அழாமல், பால் குடிக்காமல், அமைதியாகவோ தூங்கிக்கொண்டோ இருக்கும்போது சட்டையை மேலே தூக்கிவிட்டு, வயிறும் நெஞ்சும் ஒருமுறை எழுந்து தாழ்வதை ஒரு மூச்சாகக் கொண்டு, முழுதாக 60 வினாடிகள் எண்ண வேண்டும். 15 வினாடிகள் எண்ணி நான்கால் பெருக்குவது பச்சிளங்குழந்தைகளிடம் தவறான விடையைத் தரும், ஏனெனில் அவர்களின் மூச்சு இயல்பாகவே சீரற்றது. காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது மூச்சு வேகம் கூடும் என்பதால், பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சல் தணிந்தபின் மறுபடியும் எண்ணிப் பார்ப்பது நல்லது. ஆனால் கீழே சொல்லும் அபாய அறிகுறி ஏதேனும் தெரிந்தால் அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி, இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் என்றால் அது வேகமான மூச்சு. அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். எண்ணிக்கையோடு நெஞ்சின் அடிப்பகுதியையும் கவனியுங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது விலா எலும்புகளுக்குக் கீழே குழி விழுந்தாலோ, மூக்கு விடைத்தாலோ, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகல் கேட்டாலோ, நுரையீரல் தன் சக்திக்கு மீறி உழைக்கிறது என்று பொருள். பால் குடிக்கவோ தண்ணீர் அருந்தவோ முடியாமை, குடித்த அனைத்தையும் வாந்தி எடுத்தல், வலிப்பு, எழுப்பினாலும் விழிக்காத சோர்வு, உதடும் நாக்கும் நீலம் பாரித்தல் ஆகியவற்றுள் ஒன்றே ஒன்று இருந்தாலும் 108-ஐ அழைக்க வேண்டும். அறிக்கையில் ஒரு வைரஸும் இல்லாவிட்டாலும் இதுவே விதி.

பெரியவர்களிடம், ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேற்பட்ட மூச்சு, புதிதாக வந்த மனக்குழப்பம், நெஞ்சுவலி, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடிக்க இயலாமை ஆகியவை எச்சரிக்கைகள். வீட்டில் பல்ஸ் ஆக்சிமீட்டர் (இரத்தத்தின் ஆக்சிஜன் அளவை விழுக்காட்டில் காட்டும் கருவி) இருந்தால், நகப்பூச்சு இல்லாத, குளிர்ந்திராத விரலில் மாட்டி, எண் நிலைபெறும் வரை ஒரு நிமிடம் காத்திருந்து படிக்க வேண்டும். 94-க்குக் கீழே போனால் மருத்துவரை அழையுங்கள். 90-ஐத் தொட்டால் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களின் வழக்கமான அளவே குறைவாக இருக்கக்கூடும் என்பதால், அவர்களுக்கான எல்லையை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக் குறித்து வைப்பது சிறந்தது. இங்கே நம்மவர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு: அமெரிக்காவில் 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, கருநிறத் தோல் உடையவர்களிடம் இந்தக் கருவி உண்மையைவிட அதிகமான ஆக்சிஜன் அளவைக் காட்டிவிடும் வாய்ப்பு கூடுதல் என்று உணர்த்தியது. எண் நன்றாக இருந்தும் மூச்சு வாங்கினால், எண்ணை விட்டுவிட்டு மூச்சையே நம்ப வேண்டும். பெரியவர்களுக்கான கருவியைக் கைக்குழந்தையின் விரலில் மாட்டிப் பார்ப்பதில் பயனில்லை.

அறிக்கையைப் படிக்கும் முறை

பி.சி.ஆர். தேடுவது வைரஸின் மரபணுத் துண்டை. அந்தத் துண்டு இன்று நோய் உண்டாக்கிக்கொண்டிருக்கும் வைரஸினுடையதாக இருக்கலாம். சென்ற மாதச் சளியின் மிச்சமாகவும் இருக்கலாம். ரைனோ வைரஸின் சுவடு குணமான பிறகும் வாரக்கணக்கில் மூக்கில் தங்கும். போக்கா என்னும் மற்றொரு சளி வைரஸின் சுவடு மாதக்கணக்கில்கூட நீடிக்கும். அடினோ வைரஸும் குழந்தைகளிடம் நீண்ட காலம் வெளிப்படும். எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடி விளையாடும் குழந்தைகளிடமே ரைனோ வைரஸ் அடிக்கடி கண்டறியப்படுகிறது. எனவே 'இன்ஃப்ளுயன்சா ஏ, ரைனோ/என்டெரோ வைரஸ்' என்று இரண்டு வரிகள் வந்திருந்தால், இன்றைய காய்ச்சலுக்குப் பெரும்பாலும் முதலாவதே காரணம். இரண்டாவது உடனிருப்பதாக மட்டுமே இருக்கக்கூடும். ரைனோவையும் என்டெரோவையும் சாய்கோடிட்டு ஒரே வரியில் எழுதுவதைப் பார்த்து மூன்று வைரஸ்கள் என்று எண்ணிவிடக் கூடாது. நெருங்கிய உறவுடைய அவ்விரண்டையும் பல பரிசோதனைகளால் பிரித்தறிய முடியாது என்பதால்தான் அப்படி அச்சிடுகிறார்கள்.

சில அறிக்கைகளில் சி.டி. மதிப்பு என்றொரு எண் இருக்கும்; வைரஸ் தென்படுவதற்குப் பி.சி.ஆர். எத்தனை சுற்று ஓட வேண்டியிருந்தது என்பதை அது குறிக்கிறது. எண் குறையக் குறைய மாதிரியில் வைரஸின் மரபணு அதிகம் என்று பொருள், ஏறத்தாழ 3.3 வேறுபாடு என்பது பத்து மடங்கு வேறுபாடு. ஒரு வைரஸுக்கு 20-உம் மற்றதற்கு 36-உம் வந்திருந்தால், இரண்டாவது பழைய மிச்சமாக இருக்கலாம் என்று ஊகிக்க இடமுண்டு. ஆனால் மாதிரி எடுத்த விதத்தைப் பொறுத்தே இந்த எண் மாறிவிடும் என்பதால், இதை வைத்து நோயின் கடுமையை அளக்க முயல்வது வீண்.

இரண்டு என்றால் இரு மடங்கா?

குழந்தைகளிடம் ஒற்றை வைரஸ் தொற்றையும் ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்த கலப்புத் தொற்றையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பொதுவாகக் கலப்புத் தொற்றில் நோய் கடுமையாகிறது என்று காட்ட முடியவில்லை. இதற்கு ஒரு காரணம், வைரஸ்கள் ஒன்றுக்கொன்று தடையாகவும் அமைவது. முதலில் நுழைந்த வைரஸைக் கண்டதும் மூச்சுப்பாதையின் செல்கள் இன்டர்ஃபெரான் என்னும் புரதத்தைச் சுரக்கின்றன. அடுத்து வரும் வைரஸ் அந்தக் காவலைத் தாண்டியாக வேண்டும். 2009-இல் எச்1என்1 (பன்றிக் காய்ச்சல்) பெருந்தொற்று பிரான்சிலும் சுவீடனிலும் எதிர்பார்த்த வேகத்தில் பரவாமல் தாமதித்ததற்கு, அந்த இலையுதிர்காலத்தில் அங்கே பரவிக்கொண்டிருந்த ரைனோ வைரஸே காரணமாக இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். கிளாஸ்கோ நகரின் பல ஆண்டுப் பரிசோதனைப் பதிவுகளை ஆராய்ந்து 2019-இல் வெளியான கட்டுரையும், இன்ஃப்ளுயன்சா ஏ, ரைனோ ஆகிய இரண்டும் ஒன்றையொன்று விலக்கும் போக்கைக் கண்டது.

ஆயினும் எல்லாச் சேர்க்கைகளும் ஒன்றல்ல. கொரோனாவோடு இன்ஃப்ளுயன்சாவும் சேர்ந்திருப்பதை இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பிரிட்டனில் 2020, 2021 ஆண்டுகளில் கொரோனாவுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, பிற வைரஸ்களுக்கும் பரிசோதிக்கப்பட்ட 6,965 பேரில் 583 பேரிடம் இரண்டாவது வைரஸ் இருந்தது. அவர்களுள் இன்ஃப்ளுயன்சாவும் இருந்தவர்களுக்கு, கொரோனா மட்டும் இருந்தவர்களைவிட, செயற்கைச் சுவாசம் தேவைப்படுவதற்கான விகிதம் ஏறத்தாழ 4 மடங்காகவும் இறப்புக்கான விகிதம் இரண்டு மடங்குக்கு மேலாகவும் இருந்தன. அவர்கள் ஏற்கெனவே மருத்துவமனையில் சேரும் அளவுக்கு நோயுற்றவர்கள் என்பதையும், ஓமிக்ரான் பரவலுக்குப் பெரும்பாலும் முற்பட்ட காலம் அது என்பதையும் நினைவில் கொண்டுதான் இந்த எண்களைப் படிக்க வேண்டும். கைக்குழந்தைகளிடம் ஆர்.எஸ்.வி.யும், அதற்கு நெருங்கிய உறவுடைய எச்.எம்.பி.வி.யும் ஒருங்கே வருவது தீவிர சிகிச்சைப் பிரிவில் சேரும் வாய்ப்பைக் கூட்டலாம் என்பதற்குச் சில ஆய்வுகளில் சான்று உண்டு, எச்.எம்.பி.வி. தனியாக வந்தால், 2025 ஜனவரியில் செய்திகள் கிளப்பிய அளவு பீதிக்கு இடமில்லை, 2001-இலேயே அடையாளம் காணப்பட்ட பழைய வைரஸ் அது.

குறைமாதத்தில் பிறந்தவர்கள், மூன்று மாதம் நிறையாத குழந்தைகள், பிறவி இதயக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், 65 வயதைத் தாண்டியவர்கள், நீரிழிவோ ஆஸ்துமாவோ உடையவர்கள், புற்றுநோய்க்கோ உறுப்பு மாற்றத்துக்கோ மருந்து எடுப்பவர்கள் ஆகியோருக்கு அறிக்கையில் ஒரு பெயர் இருந்தாலும் இரண்டு இருந்தாலும் அன்றே மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

திரும்பி வரும் காய்ச்சல்

என் மதிப்பீட்டில், இரண்டு வைரஸ்களைவிட அஞ்சத்தக்கது வைரஸைப் பின்தொடரும் பாக்டீரியா. 1918 பெருந்தொற்றில் இறந்தவர்களுள் பெரும்பாலோரின் நுரையீரலில் பாக்டீரியா நிமோனியா இருந்ததைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. வைரஸ் மூச்சுப்பாதையின் உட்படலத்தைச் சிதைத்துவிடுவதால், அதுவரை தொண்டையில் சும்மா இருந்த நிமோகாக்கஸ் போன்ற பாக்டீரியா கீழே இறங்க வழி கிடைக்கிறது. இதை வீட்டிலேயே அறிய ஓர் எளிய குறிப்பேடு போதும். காலை, மதியம், இரவு என வெப்பநிலை, மூச்சு எண்ணிக்கை, குடித்த அளவு, எத்தனை தடவை சிறுநீர் கழித்தார் என்பது ஆகியவற்றை எழுதுங்கள். காய்ச்சல் விட்டு ஓரிரு நாள் தேறியிருந்தவருக்கு மறுபடியும் காய்ச்சல் ஏறி, இருமலும் கெட்டியான சளியும் கூடினால், உடனே அந்தக் குறிப்பேட்டோடு மருத்துவரிடம் செல்லுங்கள். இத்தகைய நேரத்தில் ஆன்டிபயாடிக் தேவைப்படலாம். அதற்கு முன்பே, சென்ற முறை மீந்த அசித்ரோமைசின் என்னும் ஆன்டிபயாடிக்கை எடுத்து விழுங்குவது வைரஸை ஒன்றும் செய்யாது.

இன்ஃப்ளுயன்சா உறுதியானால் அதற்கான வைரஸ் எதிர்ப்பு மருந்தான ஓசல்டாமிவிர் தேவையா என்று அன்றே கேளுங்கள். நோய் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அது நன்கு பயன் தரும். மற்ற பெரும்பாலான வைரஸ்களுக்கு ஓய்வும் நீராகாரமும் பாராசிட்டமாலுமே மருத்துவம். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கூடாது. ஒரு வயது நிறையாதவர்களுக்கு இருமலுக்கென்று தேன் கொடுக்கவும் கூடாது. வீட்டில் மற்றவர்களுக்குத் தொற்றாமலிருக்க ஜன்னல்களைத் திறந்து வைத்து, நோயாளியின் அருகே முகக்கவசம் அணியுங்கள். கைகளைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவுவதே மேல். கொழுப்புறை இல்லாத அடினோ, ரைனோ வைரஸ்களைச் சானிடைசர் எளிதில் அழிப்பதில்லை.

குணமானபின் 'நெகட்டிவ்' வருகிறதா என்று மறுபரிசோதனை செய்வது பொதுவாகத் தேவையற்ற செலவு, சுவடு வாரக்கணக்கில் தங்கும் என்பதால். மருந்தின்றி 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமலும், வழக்கம்போல் சாப்பிட்டும் இருந்தால் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பலாம். இன்ஃப்ளுயன்சா தடுப்பூசியை ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன்பே போட்டுக்கொள்வதும், குழந்தையின் தடுப்பூசி அட்டையில் நிமோகாக்கல் தடுப்பூசியின் தவணைகள் நிறைவடைந்துள்ளனவா என்று பார்ப்பதும் அடுத்த பருவத்துக்கான வேலைகள்; பின்னது நாடு முழுவதும் அரசின் திட்டத்தில் 2021-இல் விரிவாக்கப்பட்டதால் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே கட்டணமின்றிப் போடப்படுகிறது.