பழைய அரண்மனைப் படங்களில் சறுக்கும் இடங்கள்

வண்ணாரப்பேட்டையில் எங்களிடம் பழைய புகைப்படங்களை ஸ்கேன் செய்யவும் கண்காட்சிக்குக் குறிப்பு எழுதவும் பழக வரும் பிள்ளைகள், நாங்கள் அந்தக் காலத்தில் விழுந்த அதே பள்ளங்களில்தான் விழுகிறார்கள். எழுத்துப்பிழை, தூசு படிந்த கண்ணாடி எல்லாம் நாளாக நாளாகச் சரியாகிவிடும். மற்றவற்றைப் பார்ப்போம்.

ஆளில்லாத மண்டபம்

நடமாடியவர்கள் நீண்ட எக்ஸ்போஷரில் (படம் பதிய லென்ஸ் திறந்திருக்கும் நேரத்தில்) பதிய மாட்டார்கள். 'வெறிச்சோடிய அரண்மனை' என்று எழுதிவிடாதீர்கள்.

அரண்மனைப் படம் என்றால் ராஜா எடுக்கச் சொன்னது

இதை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. ராயபுரத்தில் ஒரு கண்காட்சி. லினேயஸ் ட்ரைப் 1858இல் எடுத்த தஞ்சை அரண்மனைப் படத்துக்குக் கீழே 'மராட்டிய மன்னரின் ஆட்சிச் சிறப்பு' என்று ஆளுயர ஃப்ளெக்ஸ் அடித்துவிட்டார்கள். எந்த மன்னர்? இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் 1855இல் இறந்தார். அரசைக் கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்துக்கொண்டது. ட்ரைப்போ மதராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரர். கம்பெனியின் கைக்கு வந்த இடங்களை ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்துகொண்டிருந்தார்.

"அண்ணே, தூண், தர்பார் எல்லாம் ராஜாவோடதுதானே?" என்றான் எழுதிய தம்பி. கட்டியது ராஜாக்கள்தான், சரி. படத்துக்குக் காசு கொடுத்தது யார்? திறப்புக்கு முந்தைய இரவு எல்லாவற்றையும் கழற்றி, இரட்டைக் கூலி கொடுத்துப் புதிதாக அடிக்க வேண்டியதாயிற்று.

அதற்காக எல்லாப் படத்தையும் கம்பெனி கணக்கில் எழுதவும் கூடாது. ஜெய்ப்பூரின் இரண்டாம் சவாய் ராம் சிங் தானே கேமரா பிடித்த மகாராஜா. பாரிசில் மூன்றாம் நெப்போலியன் லூவர் அரண்மனையை விரிவாக்கியபோது, அதன் சிற்பங்களை ஒவ்வொன்றாகப் படமெடுக்க எதுவார் பால்துஸ் அமர்த்தப்பட்டார். அங்கே கேமராவே ஆட்சியின் விளம்பரம்.

வெள்ளைச் சிலை, கறுப்புச் சிலை

1850களின் கொலோடியன் தகடு (ரசாயனம் பூசிய கண்ணாடி நெகட்டிவ்) நீலத்தை நன்றாக வாங்கும். மஞ்சளும் சிவப்பும் அதற்குக் கிட்டத்தட்ட இருட்டு. பளபளக்கும் வெண்கலம் கறுத்துப்போக, பளிங்கு மட்டும் ஜொலிக்கும். இதை வைத்து 'உள்ளூர்ச் சிலைகளை மதிக்கவில்லை' என்று கதை கட்டாதீர்கள். அசையாது, வெளிச்சத்தையும் திருப்பித் தரும் என்பதால்தான் புகைப்படக்கலையின் முன்னோடியான டால்பட் 1840களிலேயே வெள்ளைச் சாந்துச் சிலையைத் திரும்பத் திரும்பப் படமெடுத்தார்.

தஞ்சைக் கலைக்கூடம்

அரண்மனையில் அது தொடங்கியது 1951இல். ட்ரைப் படத்தில் தேடாதீர்கள்.

மவுண்ட் அட்டை

படம் ஒட்டியிருக்கும் இந்த அட்டையை ஸ்கேனில் வெட்டாதீர்கள். எடுத்தவர் பெயரும் ஆண்டும் பல சமயம் அதில்தான் இருக்கும்.