விமானப் பயிற்சிக் கண்காட்சியில் எதைக் கேட்பது?

பிளஸ் டூ முடிவுகள் வரும் காலத்தில் நம் நகரங்களில் நடக்கும் கல்விக் கண்காட்சிகளில் விமானப் பயிற்சிப் பள்ளிகளையும் பார்க்க முடிகிறது. ஹைதராபாத்தின் பேகம்பேட் விமான நிலையத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் விங்ஸ் இந்தியா, விமானத் துறையின் பெரிய கண்காட்சி. பல பள்ளிகளின் பொறுப்பாளர்களை ஒரே நாளில் நேரில் கேள்வி கேட்கக் கிடைக்கும் இந்த வாய்ப்பை வீணாக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். ஒரு குடும்பம் வீட்டை அடகு வைத்துக்கூடச் செலவு செய்யும் படிப்பு இது. அரங்கில் கேட்காமல் விட்ட ஒரு கேள்விக்காகப் பின்னாளில் லட்சக்கணக்கில் விலை கொடுக்க நேரும்.

கண்காட்சிக்குப் புறப்படும் முன் முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. இந்தியாவின் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் இரண்டாம் வகுப்பு மருத்துவப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். வணிக விமானி உரிமத்துக்கு இதைவிடக் கடுமையான முதல் வகுப்புச் சான்று தேவை என்பதால், இயன்றால் அதையும் பணம் கட்டும் முன்பே பெற்றுவிடுவது நல்லது. கண்ணாடி அணிவது மட்டுமே தடையாகிவிடாது; நிறங்களைப் பிரித்தறிவதில் குறை இருந்தால், அது பயிற்சியின் நடுவில் அல்லாமல் தொடக்கத்திலேயே தெரிந்துவிட வேண்டும். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படிக்காதவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக அந்தப் பாடங்களை எழுதித் தேறும் வழி இருக்கிறது.

உரிமத்துக்கான கணக்கையும் மனத்தில் ஏற்றிக்கொண்டு போங்கள். இந்தியாவில் வணிக விமானி உரிமம் பெற 18 வயது நிறைந்திருக்க வேண்டும். மொத்தம் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரமாவது விமானத்தின் முழுப் பொறுப்பையும் தானே ஏற்றுப் பறந்ததாக இருக்க வேண்டும். அந்த நூறிலும் 15 மணி நேரம், விண்ணப்பிப்பதற்கு முந்தைய ஆறு மாதங்களுக்குள் பறந்ததாக இருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையைப் பலரும் கவனிப்பதில்லை. பயிற்சி முடிந்தும் தேர்வோ காகித வேலையோ தாமதமானால், கைக்காசு போட்டு மீண்டும் பறக்க வேண்டிவரும்.

அரங்கில் நிற்பவரிடம் பெரும்பாலோர் முதலில் கேட்பது கட்டணத்தை. நான் முதலில் கேட்கச் சொல்வது விமானங்களின் எண்ணிக்கையை, அதிலும் இன்றைய தேதியில் பறக்கும் நிலையில் இருப்பவை எத்தனை என்பதை. என் அக்கா மகனுடன் ஒரு கண்காட்சிக்குப் போனபோது, ஒரு பள்ளியின் கையேட்டில் பதினொரு விமானங்களின் படம் இருந்தது. அவற்றில் எத்தனை பறக்கின்றன என்று இரண்டாம் முறை அழுத்திக் கேட்ட பிறகே, நான்குதான் என்ற பதில் வந்தது. மற்றவை உதிரிபாகத்துக்காகவும் பராமரிப்புக்காகவும் நின்றிருந்தன.

இது ஏன் முக்கியம் என்பதை ஒரு கணக்கில் காணலாம். 60 மாணவர்கள் 200 மணி நேரம் பறக்க 12,000 மணி நேரம் வேண்டும். ஒரு விமானம் நாளுக்கு 4 மணி நேரம், மாதத்துக்கு 25 நாள் பறப்பதாக வைத்துக்கொண்டால், பத்து விமானங்கள் உள்ள பள்ளியில் ஓராண்டில் முடியும் பயிற்சி, நான்கு விமானங்கள் உள்ள பள்ளியில் இரண்டரை ஆண்டு இழுக்கும். மழைக்காலமும், குறிப்பிட்ட மணி நேரத்துக்கு ஒருமுறை விமானத்தை நிறுத்திச் செய்யும் ஆய்வும் இந்தக் கணக்கை இன்னும் நீட்டும். எனவே மாணவர் எண்ணிக்கை, பயிற்றுநர் எண்ணிக்கை, பராமரிப்பு வேலை பள்ளியிலேயே நடக்கிறதா என்பது ஆகிய மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். கடந்த ஆண்டு உரிமம் பெற்று வெளியேறியவர்கள் சேர்ந்த நாளிலிருந்து எத்தனை மாதம் எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கும் பதில் வாங்குங்கள். அங்கே பயிலும் மாணவர் யாராவது அரங்கில் நின்றால், இதே கேள்வியை அவரிடம் தனியாகக் கேளுங்கள்.

கட்டணத்துக்கு வரும்போது, சொல்லப்படும் தொகையில் எவை சேரவில்லை என்று கேட்பதே பயன் தரும். விடுதி, சீருடை, தேர்வுக் கட்டணம், திறன் சோதனைக்கான விமானச் செலவு, வரி, 200 மணி நேரத்துக்கு மேல் தேவைப்படும் கூடுதல் பறத்தல், இரட்டை இயந்திர விமானத்தில் பறக்கும் மணி நேரம் ஆகியவை பெரும்பாலும் தனியாக வந்து நிற்கும். ஏர்பஸ் ஏ320, போயிங் 737 போன்ற ஒரு குறிப்பிட்ட விமான வகைக்கான தகுதிப் பயிற்சி அடுத்த கட்டம். அதற்கும் பல லட்சம் ஆகும். பாதியில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் கேளுங்கள். முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்டச் சொல்லும் இடத்தைவிட, பறந்த மணி நேரத்துக்கு ஏற்பத் தவணையாக வாங்கும் இடமே பாதுகாப்பானது. வங்கிக் கடன் தேவைப்படுபவர்கள், அந்தப் பள்ளிக்கு டிஜிசிஏ அனுமதி உள்ளதற்கான சான்றின் நகலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுப் பள்ளி என்றால் இன்னொரு கேள்வி சேரும். அங்கே பெறும் உரிமத்தை இந்திய உரிமமாக மாற்ற டிஜிசிஏ தேர்வுகளில் தேற வேண்டும். இந்திய நிபந்தனைகளும் நிறைவேற வேண்டும். அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்ட பாடத்திட்டத்தில் 190 மணி நேரத்திலேயே வணிக உரிமம் பெற வழியுண்டு. நமக்கு அது 10 மணி நேரம் குறைவு. இரவில் பொறுப்பேற்றுப் பறக்க வேண்டிய 5 மணி நேரம் உட்பட அனைத்தும் அவர்கள் சொல்லும் தொகையில் அடங்குகிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

வேலை உறுதி என்ற சொல்லை எங்கே கண்டாலும், அதை எந்த விமான நிறுவனம், எந்த நிபந்தனைகளோடு எழுதிக் கொடுக்கிறது என்று கேளுங்கள். இண்டிகோ போன்ற நிறுவனங்கள் தங்களுக்கு வேண்டிய விமானிகளை உருவாக்க நடத்தும் கேடட் திட்டங்களில் தேர்வும் நேர்காணலும் உண்டு. ஒரு பள்ளி தானாகச் சொல்லும் வாய்மொழி உறுதியை அதற்கு இணையாக எண்ணக் கூடாது.

சிமுலேட்டரில் அமர்ந்து பார்க்கச் சொன்னால் மகிழ்ச்சியோடு அமருங்கள். ஆனால் பத்து நிமிடத்தில் ஒருவருக்குத் திறமை இருக்கிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது; இறங்கியவுடன் வரும் பாராட்டை வைத்து முடிவெடுக்காதீர்கள். இன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்று சொன்னாலும் அந்த இடத்தில் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

வீடு திரும்பியதும் பள்ளியின் பெயர் டிஜிசிஏ இணையதளத்தில் உள்ள அனுமதி பெற்ற பள்ளிகளின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். 2025 முதல் டிஜிசிஏ இப்பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தியும் வெளியிடுகிறது. பிறகு, மனத்துக்குப் பிடித்த இரண்டு பள்ளிகளின் ஓடுதளத்துக்கு நேரில் போங்கள். வானம் தெளிவாக உள்ள ஒரு வேலை நாளில், காலை ஏழு மணி முதல் நண்பகல் வரை அங்கே இருந்து எத்தனை விமானங்கள் மேலெழுகின்றன என்று எண்ணுங்கள். கண்காட்சியில் குறித்துக்கொண்டு வந்த எண்ணோடு அது பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே விண்ணப்பப் படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள்.