ஒரு குழந்தையின் உருவ ஓவியத்தைப் படிப்பது எப்படி?

தருமபுரியில் என்னிடம் ஓவியம் பழக வரும் பிள்ளைகள், ஒரு குழந்தையின் உருவப்படத்தைக் காட்டியதும் "சோகமாக இருக்கிறது" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். அந்தச் சொல் தவறன்று. ஆனால் ஓவியத்தின் எந்த இடம் தங்களை அப்படிச் சொல்ல வைத்தது என்று தேடும்போதுதான் பயிற்சியே தொடங்குகிறது.

ஸ்பெயின் ஓவியர் பிரான்சிஸ்கோ கோயா 1787–88இல் எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய, மானுவேல் ஒசோரியோ என்ற சிறுவனின் படத்தை எடுத்துக்கொள்வோம். மூல ஓவியம் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. பயிற்சிக்குக் கணினித் திரையே போதும்.

முதல் படி: இரண்டு நிமிடம் பேசாமல் பார்த்துவிட்டு, கண்ணில் பட்டவற்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். சிவப்பு உடை, இடைக்கச்சை, வெளிறிய முகம், கையில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் காக்கை இனத்தைச் சேர்ந்த கறுப்பு வெள்ளைப் பறவை, அதன் அலகில் ஓவியரின் பெயர் அட்டை, ஒரு பக்கம் குருவிக் கூண்டு, மறுபக்கம் பூனைகள். "பாவம்", "பயம்" போன்ற சொற்கள் இப்போது வேண்டாம்.

இரண்டாம் படி: பூனைகளை உள்ளங்கையால் மறைத்துப் பாருங்கள். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த படி. மறைத்தால், பறவையோடு விளையாடும் செல்வர் வீட்டுப் பிள்ளை மட்டுமே தெரிகிறான். கையை எடுத்ததும், பறவையை வெறிக்கும் கண்களும், அதைச் சற்றும் கவனிக்காத சிறுவனும் சேர்ந்து நம்மைப் பதறவைக்கின்றன. "சார், இருட்டுக்குள்ள இன்னொரு பூனை இருக்கு" என்று ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி மூன்றாவது பூனையைக் கண்டுபிடித்தபோது, வகுப்பே திரையை நோக்கி நகர்ந்தது. அந்த உணர்வு சிறுவனின் முகத்திலிருந்து மட்டும் வரவில்லை என்று அப்போது அவர்களுக்கே புரிந்தது.

மூன்றாம் படி: படத்தைப் பெரிதாக்கி, முகத்தில் வண்ணங்கள் எவ்வளவு மென்மையாகக் கலந்துள்ளன என்றும், கழுத்துப்பட்டியின் லேஸ் வேலைப்பாடு எப்படித் தளர்வான தூரிகைத் தீற்றல்களாக மாறுகிறது என்றும் ஒப்பிடுங்கள். வெறுமையான பின்னணி, அந்தச் சிவப்பை முன்னே தள்ளுகிறது.

கடைசியாக, "பதற்றமாக இருக்கிறது, ஏனெனில்…" என்று தொடங்கி, படத்தில் விரல் வைத்துக் காட்டக்கூடிய காரணத்தோடு முடியும் ஒரு வாக்கியத்தை எழுதுங்கள். மானுவேல் 1792இல், 8 வயதில் இறந்தான். அந்தச் செய்தியைத் தனி வரியில் எழுதுங்கள். அதை வைத்து அவன் கண்களில் சோகத்தைத் தேடாதீர்கள்.