முற்றத்து வெயிலும் தாழ்வாரத்து இருட்டும் ஒரே ஷாட்டில்: 5டி மார்க் 3-இல் ரா வீடியோ, டூயல் ஐ.எஸ்.ஓ.

எங்கள் ஊர் வீட்டில் முற்றம் உண்டு. பகல் பதினொரு மணி வெயிலில் அங்கே வடகம் காயும். பாட்டி தாழ்வாரத்துத் தூணில் சாய்ந்தபடி காக்கா விரட்டிக்கொண்டிருப்பார். இந்தக் காட்சியை வீடியோவாக எடுக்க மூன்று கோடை முயன்றேன். வடகத்துக்கு எக்ஸ்போஷர் வைத்தால் பாட்டி கரிய நிழலாகிவிடுவார். பாட்டியின் முகத்துக்கு வைத்தால் முற்றம் வெள்ளைத் தாளாகிவிடும். போன கோடையில்தான் இரண்டும் சேர்ந்து வந்தன. கேமரா கேனான் 5டி மார்க் 3. அதில் மேஜிக் லேண்டர்ன் என்ற மென்பொருளைப் போட்டு, ரா வீடியோவில் (சென்சார் தருவதை அப்படியே பதியும் முறை) டூயல் ஐ.எஸ்.ஓ. (ஒரே ஃப்ரேமில் இரண்டு ஐ.எஸ்.ஓ., அதாவது ஒளிக்கு இரண்டு உணர்திறன்) வைத்து எடுத்தேன்.

இப்படி எடுப்பதை எச்.டி.ஆர். என்பார்கள். டிவிப் பெட்டியில் அச்சடித்திருக்கும் எச்.டி.ஆர். இல்லை இது. வெளிச்சத்திலும் இருட்டிலும் விவரம் தொலையாமல் படம் பிடிப்பதைத்தான் சொல்கிறேன்.

கேமராவைத் தயார் செய்தல்

மேஜிக் லேண்டர்ன் கேனான் வெளியிட்டது இல்லை. தன்னார்வலர்கள் எழுதிய இலவச மென்பொருள். 2009-இல் 5டி மார்க் 2-க்காகத் தொடங்கியது. 14 பிட் ரா வீடியோ 2013-இல் வந்தது. கார்டிலிருந்து ஏறி, கேனானின் ஃபர்ம்வேரோடு (கேமராவுக்குள் ஏற்கெனவே இருக்கும் மென்பொருள்) கூடவே ஓடும். போடுவதும் போடாததும் உங்கள் பொறுப்பு.

5டி மார்க் 3-இல் ஃபர்ம்வேர் 1.1.3 அல்லது 1.2.3 இருக்க வேண்டும். உங்களிடம் 1.3.3 அல்லது அதற்குப் பிந்தையது இருந்தால் கார்டு வழியாகப் பழையதற்கு இறங்க முடியாது. கம்ப்யூட்டரில் கேனானின் ஈ.ஓ.எஸ். யூடிலிட்டி மென்பொருளோடு இணைத்துத்தான் இறக்க வேண்டும். அப்புறம் கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்து, மேஜிக் லேண்டர்ன் ஃபைல்களை அதில் போட்டு, எம் மோடில் வைத்து ஃபர்ம்வேர் அப்டேட் கொடுங்கள். குப்பைத்தொட்டி பட்டனை அழுத்தினால் அதன் மெனு திறக்கும். மாட்யூல்ஸ் பக்கத்தில் ரா வீடியோ, டூயல் ஐ.எஸ்.ஓ., பெஞ்ச் மூன்றையும் ஆன் செய்து கேமராவை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். ஒலியும் வேண்டுமென்றால் எம்.எல்.வி. சவுண்ட் மாட்யூலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கார்டு

1920 x 1080, 14 பிட் என்றால் ஒரு ஃப்ரேம் ஏறக்குறைய 3.6 எம்.பி. நொடிக்கு 25 ஃப்ரேம் வைத்தால் 90 எம்.பி.க்குச் சற்று மேல். நிமிடத்துக்கு 5.4 ஜி.பி. 64 ஜி.பி. கார்டு பன்னிரண்டு நிமிடம்கூடத் தாங்காது.

5டி மார்க் 3-இன் எஸ்.டி. ஸ்லாட் நொடிக்கு 20 எம்.பி. அளவிலேயே நின்றுவிடும். எவ்வளவு விலை கொடுத்து எஸ்.டி. கார்டு வாங்கினாலும் இதுதான் கதை. ஆகவே சி.எஃப். (காம்பாக்ட் ஃப்ளாஷ்) கார்டு, அதுவும் யூ.டி.எம்.ஏ. 7 என்ற வேக வகை. கார்டின் மேல் பெரிய எழுத்தில் இருக்கும் எண் பெரும்பாலும் படிக்கும் வேகம். நமக்கு வேண்டியது எழுதும் வேகம். நான் முதலில் வாங்கிய கார்டு சில நொடிகளிலேயே பதிவை நிறுத்திவிட்டது. வாங்கிய அன்றே பெஞ்ச் மாட்யூலில் எழுதும் வேகத்தைச் சோதித்துவிடுங்கள், மாற்றித்தரும் நாள் கடப்பதற்குள். பதிவாகும் நேரத்தில் குளோபல் டிராவை (மேஜிக் லேண்டர்ன் திரையில் காட்டும் கூடுதல் தகவல்கள்) அணைத்துவைத்தால் இன்னும் கொஞ்சம் வேகம் கிடைக்கும்.

டூயல் ஐ.எஸ்.ஓ. என்ன செய்கிறது

சென்சாரில் இரண்டு வரிசையை ஐ.எஸ்.ஓ. 100-இலும், அடுத்த இரண்டு வரிசையை ஐ.எஸ்.ஓ. 1600-இலும் படிக்கிறது. இப்படியே மாறி மாறிப் போகும். வெயில் விவரம் 100 வரிசைகளிலிருந்தும் நிழல் விவரம் 1600 வரிசைகளிலிருந்தும் வரும். இடைப்பட்ட வெளிச்சம் இரண்டிலும் பதிவாகும். ஐ.எஸ்.ஓ. 100-இல் நிழலில் தெரியும் இரைச்சலில் பெரும்பங்கு சென்சாருக்குப் பின்னால் இருக்கும் மின்சுற்றில் சேர்வது. அதற்கு முன்பே சிக்னலைப் பெருக்கிவிட்டால் இரைச்சல் அடங்கிப்போகும். இப்படி ஏறக்குறைய மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு) கூடுதலாகக் கிடைக்கிறது.

மேஜிக் லேண்டர்னில் எச்.டி.ஆர். வீடியோ என்று இன்னொன்றும் உண்டு. அது ஒரு ஃப்ரேமைக் குறைந்த ஐ.எஸ்.ஓ.விலும் அடுத்ததைக் கூடிய ஐ.எஸ்.ஓ.விலும் எடுக்கும். பாட்டி கையை வீசினால் இரண்டு கை தெரியும். ஆள் அசையும் காட்சிக்கு அது வேண்டாம்.

எக்ஸ்போஷர்: நான் தடுக்கி விழுந்த இடம்

டூயல் ஐ.எஸ்.ஓ. ஆன் செய்ததும் திரையில் படம் கோடு கோடாக மின்னும். அதைப் பார்த்து எக்ஸ்போஷர் வைக்காதீர்கள். நான் அதைத்தான் செய்தேன். தாழ்வாரம் இருட்டாகத் தெரிந்ததால் அபர்ச்சரை இரண்டு ஸ்டாப் திறந்தேன். வீட்டுக்குள் வந்து பார்த்தால், வடகம் 100 வரிசைகளிலேயே வெளுத்துப்போயிருந்தது. அங்கே வெளுத்துவிட்டால் 1600 வரிசைகளைக் கேட்கவே வேண்டாம். மீட்பதற்கு எங்கும் எதுவும் இல்லை. ஒரு நாள் முழுவதும் எடுத்ததெல்லாம் போயிற்று.

இப்போது செய்யும் வரிசை இது. முதலில் டூயல் ஐ.எஸ்.ஓ.வை அணையுங்கள். ஐ.எஸ்.ஓ. 100, 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட் மினுக்கமும் இதில் வராது. ஃபோகஸை இப்போதே முடித்துவிடுங்கள், பிறகு கோடுகளுக்கு நடுவே தெளிவாகத் தெரியாது. குளோபல் டிராவை இந்த நேரத்துக்கு மட்டும் ஆன் செய்து, ரா ஹிஸ்டோகிராமை (ஒளி அளவைக் காட்டும் வரைபடம்) பார்த்து, காட்சியிலேயே மிகப் பளிச்சென்ற இடம் வெளுக்காத அளவுக்கு ஒளியைக் குறையுங்கள். நேர் வெயிலில் 1/50-க்கு எஃப்/22 வரை மூட வேண்டியிருக்கும். எஃப்/4 வேண்டுமென்றால், ஒளியை 32-இல் ஒரு பங்காகக் குறைக்கும் என்.டி.32 ஃபில்டர் போடுங்கள். இப்போது தாழ்வாரம் கன்னங்கரேலென்று இருக்கும். இருக்கட்டும். டூயல் ஐ.எஸ்.ஓ.வை ஆன் செய்து, ரெகவரியை 1600-இல் வைத்து, பதிவு பட்டனை அழுத்துங்கள். வேறு எதையும் தொடாதீர்கள்.

800 போதுமென்றால் 800-ஏ வையுங்கள். இரண்டு ஐ.எஸ்.ஓ.வுக்கும் இடைவெளி கூடக்கூட, இரண்டிலும் பதிவாகும் பகுதி சுருங்கும். ஒன்றில் மட்டும் பதிவான இடத்தில் செங்குத்துத் தெளிவு பாதிதான். என் ஷாட்டில் வெயில் பட்ட ஓட்டு விளிம்புகள் ரம்பப் பல்போல வந்தன. மேகமூட்டமான நாளில் டூயல் ஐ.எஸ்.ஓ.வே வேண்டாம், வெறும் 14 பிட் ரா தாராளம்.

கம்ப்யூட்டரில்

எம்.எல்.வி. என்பது மேஜிக் லேண்டர்ன் பதியும் ரா வீடியோ ஃபைல். அதற்கு எம்.எல்.வி. ஆப் போதும். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பலர் மூன்று நான்கு மென்பொருளைச் சங்கிலிபோலக் கோத்து வேலை செய்கிறார்கள். எனக்கு அதில் பொறுமை இல்லை. ஃபைலைத் திறந்ததும் கோடுகள் தெரிந்தால் பயப்படாதீர்கள், டூயல் ஐ.எஸ்.ஓ.வை அங்கே ஆன் செய்ய வேண்டும். இன்டர்பொலேஷனை (விடுபட்ட வரிசைகளைக் கணித்து நிரப்பும் முறை) அமேஸில் வையுங்கள். மெதுவாக ஓடும், ஆனால் விளிம்புகள் நன்றாக வரும். அலியாஸ் மேப், ஃபுல் ரெஸ் பிளெண்டிங் இரண்டும் ஆன். பிறகு ஒயிட் பேலன்ஸ், அதன் பின் ஷேடோவை மெல்ல மெல்ல ஏற்றுங்கள். கருமைக்குள்ளிருந்து பாட்டியின் முகச் சுருக்கமும் மூக்குத்தியும் எழுந்து வந்த நிமிடத்தை நான் மறக்கமாட்டேன்.

நிழலை முழுக்க ஏற்றிவிடாதீர்கள். தாழ்வாரம் தாழ்வாரமாக, முற்றத்தைவிட இருட்டாகவே இருக்க வேண்டும்.

வெளியே எடுக்கும்போது, பின்னால் நிறம் திருத்த வசதியாக லாக் ப்ரொஃபைல் வைத்து, எடிட்டிங்குக்கான வீடியோ வகையான ப்ரோரெஸ் 422 எச்.க்யூ. கொடுக்கிறேன். ஹார்ட் டிஸ்க்கில் இடம் தாராளமாக இருந்தால் சினிமா டி.என்.ஜி. (ஒவ்வொரு ஃப்ரேமும் தனி ரா படம்) எடுங்கள், இலவச டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளே அதைத் திறக்கும்.

பின்சேர்க்கை 1: கேனான் 700டி வைத்திருக்கும் ஒருவர், படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருப்பதாக எழுதியிருந்தார். கேமரா கெடவில்லை. அந்த சென்சாரில் ஃபோகஸுக்கென்று தனிப் பிக்சல்கள் உண்டு, ரா வீடியோவில் அவை புள்ளியாகத் தெரியும். எம்.எல்.வி. ஆப்பில் ஃபோகஸ் பிக்சல் திருத்தத்தை ஆன் செய்து, கேட்கும் பிக்சல் மேப்பை இறக்கிக்கொண்டால் மறைந்துவிடும். 5டி மார்க் 3 பிக்சல்களைச் சேர்த்துப் படிக்கிறது. 700டி இடையிடையே வரிசைகளைத் தாண்டிப் படிக்கிறது. அதனால் அதில் டூயல் ஐ.எஸ்.ஓ. வைத்தால் ரம்பப் பல் இன்னும் கூடும்.

பின்சேர்க்கை 2: எம்.00, எம்.01 என்று முடியும் ஃபைல்கள் குப்பை என்று நினைத்து ஒருவர் அழித்துவிட்டார். எஃப்.ஏ.டி.32 கார்டில் ஒரு ஃபைல் 4 ஜி.பி.யைத் தாண்ட முடியாது, எனவே மீதிப் பதிவு இவற்றில் தொடர்கிறது. எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, எம்.எல்.வி. என்று முடிவதை மட்டும் திறந்தால் போதும். கார்டை எடுக்கும்போது சிவப்பு விளக்கு அணைந்த பிறகே கதவைத் திறங்கள்.